நெருங்கிய தவறு

பெட்டியைத் திறந்தபோது உள்ளே மூன்று சீட்டுகள் இருந்தன. மூன்று வாரத்துக்கு மூன்று. ஒன்றுமே இல்லாததற்கு இது மேல் என்று மனதைத் தேற்றிக்கொண்டு அவள் முதல் சீட்டைப் பிரித்தாள்.

"கேன்டீன் டீ. இதை விடப் பெரிய தவறு இங்கே வேறு எதுவும் இல்லை."

இரண்டாவது சீட்டில் எழுத்து நுணுக்கி நுணுக்கி இருந்தது. "உலர்த்தும் பிரிவு அண்ணனும் மடிக்கும் மேசை அக்காவும் ரொம்ப நெருக்கமாகப் பேசிக்கொள்கிறார்கள். நீங்கள் கேட்டதால் சொல்கிறேன். என் பெயர் வேண்டாம்."

மூன்றாவதில் எழுத்தே இல்லை. கண்ணாடி போட்ட ஒரு முகத்தை யாரோ வரைந்திருந்தார்கள். முகம் அவளுடையதுதான். மூக்கை மட்டும் கொஞ்சம் தாராளமாகப் போட்டிருந்தார்கள்.

நாற்பத்து மூன்று வயதில் அவள் தொழிற்பாதுகாப்புப் பட்டப்படிப்பின் கடைசி ஆண்டில் இருந்தாள். வேலை பார்ப்பது ஒரு பெரிய சலவை நிலையத்தில். ஊரில் உள்ள மருத்துவமனைகளின் படுக்கை விரிப்பும் தலையணை உறையும் அறுவை அங்கியும் வண்டி வண்டியாக அழுக்கு வாசல் வழியே வரும். வெந்து, பிழிந்து, உலர்ந்து, தேய்த்து மடிக்கப்பட்டு வெள்ளை வாசல் வழியே போகும். அவள் வேலை மடிக்கும் மேசையில்; பதினோரு வருடம் மடிப்பு மட்டும்தான். பிறகு சனிக்கிழமை வகுப்பு என்று ஒரு விளம்பரத்தைப் பார்த்துச் சேர்ந்தாள். சேர்ந்த மறுநாளே இங்கே அவளுக்குப் பெயர் வைத்துவிட்டார்கள்: பாதுகாப்பு. "பாதுகாப்பு வருது, செருப்பைப் போடுங்க" என்பார்கள். "பாதுகாப்பு அக்கா, உங்க டீ சூடா இருக்கு, ஹெல்மெட் போட்டுக் குடிங்க" என்பார்கள். அவளுக்குக் கோபம் வராது. பெயர் வைக்கும் அளவுக்கு ஒருவரைக் கவனிப்பதும் ஒரு வகைப் பிரியம்தான் என்று நினைத்துக்கொள்வாள்.

இறுதி ஆய்வுக்குத் தேவையானது ஒன்றே ஒன்று. 'நியர் மிஸ்' என்று பாடப்புத்தகம் சொல்வது, அதாவது நடக்க இருந்து நடக்காமல் போன விபத்து, அதைப் பற்றிய முப்பது அறிக்கைகள். ஒரே பணியிடத்தில், எட்டு வாரத்துக்குள், வேலை செய்கிறவர்களே எழுதித் தர வேண்டும். முப்பது இல்லையென்றால் ஆய்வு செல்லாது, ஆண்டு போயிற்று. சனிக்கிழமை விடுப்பு இந்த ஆண்டோடு சரி என்று நிர்வாகம் கைவிரித்துவிட்டது. ஆண்டு போனால் படிப்பும் போயிற்று.

படிவத்தை அவளே தயாரித்தாள். அகராதியை வைத்துக்கொண்டு, நியர் என்றால் நெருங்கிய, மிஸ் என்றால் தவறு என்று சொல்லுக்குச் சொல் எடுத்துப் பெரிய எழுத்தில் தலைப்புப் போட்டாள்: நெருங்கிய தவறு. கீழே பெயர், பணியாளர் எண், யாருடைய தவறு என்று மூன்று கட்டம். பக்கத்தில் பூட்டுப் போட்ட பெட்டி. அதைச் சுவரில் மாட்டியபோது அவளுக்கு எவ்வளவு பெருமை! அன்று மதியமே சலவைப் பிரிவில் ஒருத்தி கேட்டாள், "ஏன்க்கா, நெருங்கிய தவறுன்னா என்ன? சொந்தக்காரங்க பண்றதா, இல்ல லவ் மேட்டரா?"

சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். மூன்று வாரம் கழித்துப் பெட்டியின் முன்னால் நின்றபோதுதான் அந்தச் சிரிப்பில் தனக்கு ஒரு தகவல் இருந்ததை அவள் உணர்ந்தாள்.

வழிகாட்டிப் பேராசிரியை அவளைவிடப் பத்து வயது இளையவர். மூன்று சீட்டையும் படித்துவிட்டு, மூக்குப் படத்தை மட்டும் இன்னொரு தடவை பார்த்தார்.

"ஒரு இடத்துல ஒண்ணுமே நடக்கலைன்னு சொன்னா நான் நம்பமாட்டேன் மேடம். நடக்கும்போது அவங்க என்ன பேசிக்கிறாங்கன்னு கேட்டிருக்கீங்களா?"

"கேக்கலை."

"போய்க் கேளுங்க. படிவம் அப்புறம்."

அவள் கேட்கத்தான் போனாள். தன் வேலையைச் செய்துகொண்டே காதை மட்டும் திறந்து வைத்துக்கொண்டாள். முதல் ஒரு மணி நேரம் ஒன்றும் அகப்படவில்லை. பிறகு ஈரத் தரையில் ஒருவர் சறுக்கிக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு, "நல்லவேளை, கம்பம் இருந்துச்சு" என்றார். சற்று நேரத்தில் அழுக்குப் பிரிவிலிருந்து, "நல்லவேளை பாத்தேன், கத்தரிக்கோலை அங்கியோட சுருட்டி அனுப்பியிருக்கான்" என்று ஒரு குரல். பிறகு கொதிகலன்காரர்: "நல்லவேளை, மூஞ்சியத் திருப்பிக்கிட்டேன்." சாயங்காலம் ஷிப்ட் முடிவதற்குள் அவள் உள்ளங்கையில் பேனாவால் போட்ட கோடுகள் பதினேழு.

நல்லவேளை. வாய் நிறையச் சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுகிறார்கள். அந்தச் சொல் வந்த உடனே விஷயம் முடிந்துவிடுகிறது. அவளும் அப்படித்தானே? நல்லவேளை வேலை கிடைத்தது, நல்லவேளை நல்ல மனுஷனாக வாய்த்தார், நல்லவேளை மகள் படிப்பில் கெட்டி. வாழ்க்கையில் கிடைத்ததையெல்லாம் வேளையின் பேரில் எழுதிவிட்டு நகர்ந்திருக்கிறாள். வேளைக்குக் கை உண்டா? சறுக்கியவர் பிடித்துக்கொண்ட கம்பத்தைக் கூட யாரோ ஒருவர் அங்கே நட்டுத்தானே இருக்க வேண்டும்?

மறுநாள் பழைய படிவத்தைக் கிழித்துப் போட்டாள். பூட்டையும் கழற்றினாள். புதுச் சீட்டில் இரண்டே வரி.

நல்லவேளை, ........................

யாருக்கு நன்றி? ........................

சூப்பர்வைசர் வந்து பார்த்தார். அவர் முதுகுக்குப் பின்னால் எல்லோரும் அவரைச் 'சீக்கிரம்' என்றுதான் சொல்வார்கள், அவர் வாயிலிருந்து அதிகம் வரும் சொல் அது என்பதால். "என்னம்மா இது, நன்றி கின்றின்னு? கோயில் உண்டியலா?"

"இருந்துட்டுப் போகட்டும் சார்."

"சரி சரி. சீக்கிரம் ஆய்வை முடிச்சு எடுத்துடு."

முதல் வாரத்திலேயே ஏழு சீட்டுகள் விழுந்தன. அடுத்த வாரம் பத்து. பெயர் கேட்காததாலோ என்னவோ, எல்லோரும் பெயரைப் போட்டார்கள்.

"நல்லவேளை, தலையணை உறையை உதறாம மெதுவாப் பிரிச்சேன். உள்ளே ஊசி. யாருக்கு நன்றி? உதறாதே உதறாதேன்னு தினமும் உயிரை வாங்குற மேசை அக்காவுக்கு."

"நல்லவேளை, வெளுப்பு மருந்து ஊத்தின தொட்டியில ஆசிட் கேனைக் கவுக்கப் போன நேரம் தும்மல் வந்துச்சு. நின்னு பாத்தேன், கேன் மாறியிருக்கு, ரெண்டும் கலந்திருந்தா விஷப்புகை. யாருக்கு நன்றி? என் ஜலதோஷத்துக்கு."

உலர்த்தும் பிரிவு அண்ணன் எழுதியிருந்தார்: "நல்லவேளை, இடைவேளையில பாதியில திரும்பி வந்தேன். உலர்த்தியில பஞ்சு புகைஞ்சுக்கிட்டு இருந்தது. யாருக்கு நன்றி? குடிக்க முடியாத டீ போட்டதுக்குக் கேன்டீனுக்கு."

எட்டாம் வாரம் முடிந்தபோது நாற்பத்தொரு சீட்டுகள். ஞாயிற்றுக்கிழமை காலையில் அவற்றைச் சாப்பாட்டு மேசை முழுவதும் பரப்பி, இடம்வாரியாகப் பிரித்துக்கொண்டிருந்தாள். நாலு வருடமாக ஞாயிற்றுக்கிழமை சமையல் கணவருடையது. வெங்காயத்தை உரித்துக்கொண்டே அவர் அவள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார்.

"என்ன இது, எல்லாத்துலயும் என் தங்கச்சி பேரு?"

"எல்லாத்துலயும் இல்லீங்க. ரோலர் சீட்டுல மட்டும்."

"எத்தனை?"

எண்ணினாள். பதினாலு.

அவருடைய தங்கை, அதாவது அவளுடைய நாத்தனார், அதே சலவை நிலையத்தில் ரோலரைப் பார்த்துக்கொள்பவள். ரோலர் என்பது ஆள் உயரத்துக்கு இருக்கும் இஸ்திரி இயந்திரம். இரண்டு பேர் ஈர விரிப்பின் இரண்டு முனையைப் பிடித்துக் கொடுக்க, கொதிக்கும் உருளை அதை உள்ளே இழுத்துக்கொண்டு மறுபக்கம் காய்ந்த துணியாகத் தள்ளும். விரிப்போடு விரலும் போனால் என்ன ஆகும் என்று யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

"நல்லவேளை, அவங்க என் சட்டைக் கையைப் பிடிச்சு இழுத்தாங்க." "நல்லவேளை, அவங்க முழங்கையால சிவப்பு சுவிட்சை அடிச்சாங்க." புதிதாகச் சேர்ந்திருந்த பெண் எழுதியிருந்தாள்: "நல்லவேளை, அத்தை என் பின்னலைப் பிடிச்சு இழுத்தாங்க. ரொம்ப வலிச்சது. யாருக்கு நன்றி? அத்தைக்குத்தான், வேற யாருக்கு?"

"பாத்தியா?" கணவருக்கு வெங்காயத்தாலோ பெருமையாலோ கண் கலங்கியிருந்தது. "சின்ன வயசுல ரோட்டைத் தாண்டும்போது என் கையை அவதான் பிடிப்பா. நான் அண்ணன்."

அவளுக்கும் நெஞ்சு நிறைந்துதான் இருந்தது. பதினாலு பேர் ஒரு மனுஷிக்கு நன்றி சொல்லியிருக்கிறார்கள், அந்த மனுஷி தன் வீட்டவள். மகள் பள்ளிக்கூடம் போன காலத்தில் இவளுக்குக் காலை ஷிப்ட். தினமும் வந்து பின்னல் போட்டு, சாப்பாட்டு டப்பாவைக் கையில் கொடுத்துப் பேருந்து ஏற்றியது நாத்தனார்தான். சனிக்கிழமை வகுப்புக்காக மடிக்கும் மேசையில் இவள் இடத்துக்கு ஆள் பிடித்துக் கொடுத்ததும் அவள்தான்.

சீட்டுகளை அடுக்கி ரப்பர் போட்டாள். போட்ட கை அப்படியே நின்றது.

ரோலருக்கு முன்னால் ஒரு தடுப்புக் கம்பி உண்டு. கை அதில் பட்ட மாத்திரத்தில் இயந்திரம் தானே நின்றுவிட வேண்டும். மூன்றாம் ஆண்டுப் பாடத்தில் அதற்குப் படமே இருந்தது. தேர்வில் அதை வரைந்து பத்துக்கு ஒன்பது வாங்கினாள். ஐந்து வாரத்தில் பதினாலு தடவை கையோ பின்னலோ உருளை வரைக்கும் போயிருக்கிறது. ஒரு சீட்டில் கூடக் கம்பிக்கு யாரும் நன்றி சொல்லவில்லை.



திங்கட்கிழமை ஷிப்ட் தொடங்கும் முன்பே போய்க் குனிந்து பார்த்தாள். கம்பி மேலே தூக்கிக் கட்டப்பட்டிருந்தது. கட்டியிருந்தது கிழிந்த விரிப்பின் ஒரு பட்டை. அழுக்கில்லாத துணி; அவ்வப்போது மாற்றிக் கட்டுகிறார்கள் போல. முடிச்சைப் பார்த்தாள். மடக்கி, உள்ளே நுழைத்து, நுனியைக் காது மாதிரி விட்ட முடிச்சு. பத்து வருடம் மகளின் பின்னல் நுனியில் அவள் பார்த்த முடிச்சு.

அன்று முழுவதும் மடித்த துணி எத்தனை என்று அவளுக்குத் தெரியாது. பதினாலு சீட்டை எடுத்துவிட்டால் என்ன? நாற்பத்தொன்றில் பதினாலு போனால் இருபத்தேழு. மூன்று குறைகிறது. மூன்று சீட்டை அவளே எழுதிக்கொள்ளலாம், யாருக்குத் தெரியப்போகிறது? அப்படி நினைத்தது தான்தானா என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. நாலு வருடம் படித்தது எதற்கு, மூன்று பொய்ச் சீட்டு எழுதவா? பதினாலையும் வைத்தால், ஆய்வைப் படிக்கிற எவரும் கேட்கப்போகும் முதல் கேள்வி, கம்பி என்ன ஆயிற்று? இரண்டாவது கேள்வி, யார் கட்டியது? எழுதினால் நன்றிகெட்டவள். எழுதாவிட்டால் வேறு எவருடைய கையோ. இரண்டையும் தராசில் வைத்து நிறுத்துப் பார்க்கிறோமே என்பதே அவளுக்குக் கூச்சமாக இருந்தது.

மறுநாள் மதிய இடைவேளையில் உடை மாற்றும் அறையில் நாத்தனாரைப் பிடித்தாள். அவள் பெஞ்சில் உட்கார்ந்து காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தாள்.

"அந்தக் கம்பியை எதுக்குக் கட்டினே?"

நாத்தனார் நிமிரவில்லை. "எந்தக் கம்பி?"

"முடிச்சு உன்னுது."

நாத்தனார் காலைப் பிடித்துவிடுவதை நிறுத்தினாள்.

"ஆறு வருஷம் ஆச்சு அண்ணி," என்றாள். "அப்ப மெஷின் புதுசு. விரிப்போட மடிப்புத் தையல் பட்டாலே நின்னுடும். ஒரு ஷிப்டுக்கு நாப்பது தடவை. 'சீக்கிரம்' தலை மேல நின்னு கத்துறாரு. இன்னைக்கு ஒரு நாள்னு கட்டினேன். அடுத்த நாளும் ஒரு நாள்தானே. அப்புறம் அவிழ்க்க மறந்தே போச்சு."

"மறக்கலை. துணியை மாத்தி மாத்திக் கட்டியிருக்கே."

அவள் முகம் சிவந்தது. "சரி, மறக்கலை. அதுக்குத்தானே பக்கத்துலயே நிக்கிறேன்? ஆறு வருஷத்துல ஒரு நகம் போச்சா? சொல்லுங்க! ஜுரத்தோட வந்திருக்கேன். ஒரு நாள் லீவு போட்டதில்லை. அண்ணன் என்னைச் சம்பளப் பேய்ங்கிறாரு. நான் ஏன் லீவு போடலைன்னு எனக்கில்ல தெரியும்?" மூச்சு வாங்கியது. "இப்ப அதையெல்லாம் எழுதி நீங்க பட்டம் வாங்கப் போறீங்களா?"

அவள் கைப்பையைத் திறந்து ரப்பர் போட்ட கட்டை எடுத்து நாத்தனார் மடியில் வைத்தாள். "முதல்ல இதைப் படி. உனக்கு வந்ததுதான். நான் சும்மா தபால்காரி."

நாத்தனார் ஒவ்வொன்றாகப் படித்தாள்.  பின்னல் சீட்டு வந்ததும் சிரித்துவிட்டாள். "வலிச்சதாம்! கழுதை. தலையே போயிருக்கும்." பிறகு மறுபடி முதலிலிருந்து படித்தாள். படிக்கப் படிக்கத் தோள் தளர்ந்துகொண்டே வந்தது. தூக்கிவந்த மூட்டையை இறக்கி வைத்தவள், அது எவ்வளவு கனம் என்று இறக்கிய பிறகு பார்ப்பது போல இருந்தது.

"பதினாலா?"

"அஞ்சு வாரத்துல."

"இவ்வளவுன்னு எனக்கே தெரியாது அண்ணி. இழுத்து விட்டுட்டு அடுத்த விரிப்பைப் பாப்பேன்." சீட்டுகளை மடியில் தட்டித் தட்டி நேராக்கினாள். "பாத்ரூம் போறப்ப கூட ஓடித்தான் போவேன். என்னைக்காவது ஒரு நாள் நான் விழுந்து கிடந்தேன்னா..."

 எழுந்து முகம் கழுவினாள். பிறகு கையை நீட்டினாள்.

"ஒரு வெறும் சீட்டு இருக்கா?"

சுவரில் வைத்து எழுதினாள். எழுதி முடித்து, அண்ணியிடம் கொடுக்காமல் நேராகச் சூப்பர்வைசர் அறைக்குப் போனாள். கண்ணாடிக் கதவு வழியே பார்க்க மட்டுமே முடிந்தது. அவர் கையை ஆட்டினார், எழுந்தார், உட்கார்ந்தார், கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். ஆறு வருடமாக அந்தக் கம்பியைத் தினமும் கடந்து போனவர் அவர். தன் கண்ணில் படவில்லை என்று அவரும் சொல்ல முடியாது. கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்து அவர் சொன்னதை அன்றைக்கு யாரும் கேலி செய்யவில்லை.

"ஃபிட்டரைக் கூப்பிடுங்க. சீக்கிரம்."

ஃபிட்டருக்கு நாற்பது நிமிடம் ஆனது. கம்பியை இரண்டு விரற்கடை மேலே ஏற்றிப் பொருத்தி, உள்ளே ஒரு சுருள்கம்பியை மாற்றினார். விரிப்பின் தையல் கம்பிக்குக் கீழே தாராளமாகப் போயிற்று. ஒரு துடைப்பக் கட்டையை நீட்டினார், இயந்திரம் சட்டென்று நின்றது. "இவ்வளவுதான். இதை அன்னைக்கே சொல்லியிருக்கலாமேம்மா?" என்றார். யாரிடம் சொல்வது, எந்தப் படிவத்தில் சொல்வது என்று அவரிடம் யாரும் விளக்கிக்கொண்டிருக்கவில்லை. நாத்தனாருக்கு எச்சரிக்கைக் கடிதம் ஒன்று வந்தது. சூப்பர்வைசருக்கும் ஒன்று வந்ததாகப் பேசிக்கொண்டார்கள்.

வாய்மொழித் தேர்வு ஒரு புதன்கிழமை. இரண்டு தேர்வாளர்கள். மூத்தவர் பக்கங்களைப் புரட்டிப் புரட்டி, முகத்தில் பிடிகொடுக்காமல் உட்கார்ந்திருந்தார்.

"உங்க படிவத்துல நன்றின்னு ஒரு கட்டம் வெச்சிருக்கீங்க. ஆய்வுக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?"

 வழிகாட்டிப் பேராசிரியை ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். தயார் செய்து வந்த பதில் எல்லாம் எங்கோ போய்விட, அவள் வாய்க்கு வந்ததைச் சொன்னாள்.

"யாருடைய தவறுன்னு கேட்டப்ப மூணு சீட்டு வந்துச்சு சார். அதுல ஒண்ணு என் மூக்கு. யாருக்கு நன்றின்னு கேட்டப்ப நாப்பத்திரண்டு வந்துச்சு. நன்றி யாரு பேருல குவியுதுன்னு பாத்தா, மெஷின் செய்ய வேண்டிய வேலையை எந்த இடத்துல மனுஷங்க செஞ்சுக்கிட்டு இருக்காங்கன்னு தெரிஞ்சுடுது. அந்த இடத்தைத்தான் முதல்ல சரி பண்ணணும். இல்லேன்னா அவங்களுக்கு நன்றி மட்டும் சொல்லிக்கிட்டே இருப்போம், அவங்களை உக்கார விடமாட்டோம்."

மூத்தவர் கடைசிப் பக்கத்துக்குப் போனார். நாற்பத்திரண்டாவது சீட்டு அங்கே இருந்தது. அவர் அதை வாய்விட்டே படித்தார்.

"நல்லவேளை, யாருக்கும் கை போகலை. கம்பியைக் கட்டினது நான். யாருக்கு நன்றி? நான் பிடிச்சு இழுத்தும் திட்டியும் கோவிச்சுக்காத பதினாலு பேருக்கு."

படித்துவிட்டு அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இன்னும் சில கேள்விகள் கேட்டார். புள்ளிவிவரத்தில் ஒரு பிழையைச் சுட்டிக்காட்டி, அதைத் திருத்தித் தரச் சொன்னார். பிறகு மற்றவரிடம் ஏதோ முணுமுணுத்துவிட்டு, "வாழ்த்துகள்" என்றார்.

வெளியே நீண்ட நடைபாதை. சுவரோரம் மரப் பெஞ்சு. நாத்தனார் அன்று லீவு போட்டிருந்தாள். "உங்களுக்குத் துணைக்கு வர்றேன்" என்று சொல்லிக் காலையிலேயே கிளம்பி வந்து, "பயப்படாதீங்க, நான் இங்கதான் கதவுக்கிட்டயே நிக்கிறேன்" என்று அவளை உள்ளே அனுப்பியவள். இப்போது பெஞ்சில் சாய்ந்து, வாய் லேசாகத் திறந்திருக்க, இரண்டு கையும் மடியில் மல்லாந்து கிடக்க, அசந்து தூங்கிக்கொண்டிருந்தாள். முன்னால் மாணவர்கள் சளசளவென்று பேசிக்கொண்டு போனார்கள். ஒருவன் கையிலிருந்த புத்தகம் தொப்பென்று விழுந்தது. அவள் இமை கூட அசையவில்லை.

எழுப்பிச் சொல்ல வேண்டும் என்று நாக்கு துடித்தது. வீட்டில் கணவரும் மகளும் தொலைபேசியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். ஆனாலும் அவள் எழுப்பவில்லை. செருப்புச் சத்தம் கேட்காமல் நடந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். நாத்தனாரின் தலை சரிந்து வந்தபோது தோளைக் கொஞ்சம் தாழ்த்திக் கொடுத்தாள்.